நிலைக்கு மேலே இரண்டு கம்பளம்

முதல் தடவை ரெத்வான் அந்த வீட்டை கேம் எஞ்சினுக்குள் ஏற்றியபோது வீட்டையே காணோம். பத்து நிமிடம் நாலு பக்கமும் தேடிவிட்டுக் குனிந்து பார்த்தால், தீப்பெட்டி அளவில் அவன் காலடியில் கிடக்கிறது. வரைந்த மென்பொருள் மீட்டரில் கணக்குச் சொல்லியிருக்கிறது, இது சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அதைச் சரி பண்ணினான். வீடு பெரிதாகி மல்லாந்து படுத்துக்கொண்டது. ஒன்றுக்கு எது மேல்பக்கமோ அது மற்றொன்றுக்குப் பக்கவாட்டாம். நிமிர்த்தி வைத்து உள்ளே நுழைந்தால் தரை தாங்கவில்லை. வாசலைத் தாண்டிக் கால் வைத்தவன் பாதாளத்தில் விழுந்தான், விழுந்துகொண்டே இருந்தான். சுவருக்கும் தரைக்கும் உருவம் கொடுத்தால் மட்டும் போதாது, மோதினால் தடுப்பதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலும் போர்த்த வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. இந்தப் பிள்ளைக்கு யாரும் எதையும் முன்கூட்டிச் சொன்னதே கிடையாது. வந்த வினையெல்லாம் அதனால்தான்.

அவன் கட்டடக்கலை நாலாம் வருஷம். பிறந்து வளர்ந்ததெல்லாம் அடிஸ் அபாபாவில், நாலாவது மாடியில். அம்மாதான் ஹரார்க்காரி. படிக்க இடம் கிடைத்தது ஹராருக்குப் பக்கத்துக் கல்லூரியில் என்றதும், அம்மா தன் அக்கா மஹ்ஃபூஸா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டாள். ஹராரின் பழைய கோட்டைச் சுவருக்குள்ளே, பஜாஜ் ஆட்டோகூட நுழையாத சந்தில் இருக்கிறது அந்த வீடு. பெரியம்மா விதவை. ஒரே மகள் நெபிலா, இவனைவிட நாலு வயது மூத்தவள், ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். ரெத்வானுக்கு அக்கா.

போன வருஷம் அவன் கொடுத்த ப்ராஜெக்ட்டைத் தேர்வுக்குழு திருப்பிவிட்டது. முப்பது தாள் வரைபடம், ஒரு கோடுகூடக் கோணல் இல்லை. ஆனால் குழுவில் இருந்த ஹிருத் டீச்சர் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, இதில் மனுஷன் எங்கே நிற்பான் என்று கேட்டார். இவன் பேந்தப் பேந்த விழித்தான். இந்தத் தடவையும் தோற்றால் கல்லூரியில் இடம் போய்விடும். அடிஸுக்குத் திரும்பி அப்பாவின் டயர் கடையில் உட்கார வேண்டியதுதான். அதனால்தான் பெரியம்மா வீட்டை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்டி, வருகிறவர்கள் உள்ளே நடந்து பார்க்கிற மாதிரி செய்வது என்று இறங்கினான். வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் வீட்டைக் காட்டலாம் என்பது கல்லூரி விதி. பெரியம்மாவுக்கு அது பெருமையாக இருந்தது, போட்டுத் தருகிறேன் என்றாள்.

ஆறு வாரம் அளந்தான். டேப்பின் மறுமுனையை நெபிலா பிடித்தாள். உட்காருவதற்கு உயரத்துக்கு ஒன்றாக ஐந்து சிவப்பு மேடைகள், சுவரெல்லாம் மாட்டின பின்னல் கூடைகள், எனாமல் கிண்ணங்கள், மரத்தட்டுகள் என்று நூற்று முப்பத்தேழு சாமான். ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, ஒவ்வொன்றையும் தனியாகச் செய்து உரிய இடத்தில் வைத்தான். வைத்துவிட்டு ஆசையாக ஈர்ப்பு விசையைப் போட்டான். போட்டதுதான் தாமதம், நூற்று முப்பத்தேழும் தடதடவென்று கொட்டிவிட்டது. ஆணி என்று ஒன்று வேண்டும் என்பது எஞ்சினுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்தினான். எல்லாம் நின்றது, வாசல் நிலைக்கு மேலே உத்தரத்தில் சுருட்டி வைத்திருந்த இரண்டு கம்பளம் மட்டும் நிற்கவில்லை. யார் கதவைத் திறந்து உள்ளே வந்தாலும் நச்சென்று அவர்கள் தலையிலேயே விழுந்தது. அன்று பிற்பகல் டீச்சருக்கு முதல் பார்வை காட்ட வேண்டும். உத்தரத்துக்குத் தோல் போட நேரமில்லை. இரண்டையும் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டான். கம்பளம்தானே, தரையில் இன்னும் ஆறு இருக்கிறதே என்று நினைத்தான்.

டீச்சர் தலையாட்டினார். போன வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டவனுக்கு அந்தத் தலையாட்டலே பெருநாள். மூன்று நிமிட வீடியோவாக எடுத்து, ஹராரிலிருந்து டொராண்டோ வரை சொந்தக்காரர்கள் இருக்கிற டெலிகிராம் குழுவில் போட்டான். பெரியம்மா வீடு, உள்ளே வாங்க என்று ஒரு வரியும் எழுதினான்.

மறுநாள் காலையிலிருந்து ஊர் அவனிடம் விசித்திரமாக நடந்துகொண்டது. ரொட்டிக்காரி சிரித்துக்கொண்டே கூட ஒரு ரொட்டி வைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, எல்லாம் நல்லதுக்குத்தான் என்றாள். சாயங்காலம் கிறக்கத்துக்குச் சாத் இலை மெல்ல உட்காருகிற பெரியவர்கள் அவனைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்து, பையன் எந்த ஊர், லாரியா கடையா என்று விசாரித்தார்கள். ரெத்வான் தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, அடிஸ், டயர் என்றான். ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு ரஹ்மா மாமி சந்தில் அவனை மடக்கிப் பிடித்தாள்.

"ஏம்ப்பா, உங்க வீட்டுக் கம்பளத்தை எடுத்துட்டீங்களாமே?"

"ஆமா மாமி. நேத்துதான் எடுத்தேன்."

"நீயா எடுத்தே?"

"வேற யாரு எடுப்பா? வர்றவங்க தலையில எல்லாம் விழுது. தொல்லை தாங்கலை."

மாமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, அடேயப்பா, அத்தனை பேரா வந்தாங்க என்று கேட்டாள். ரெத்வான் யோசித்துப் பார்த்து, நேற்று மட்டும் முப்பது நாற்பது தடவை இருக்கும் என்று உண்மையைச் சொன்னான். மாமி அதற்கு மேல் நிற்கவில்லை, ஓட்டமும் நடையுமாகப் போனாள். இவன் அப்படியே நின்றான். ஒரு எழவும் புரியவில்லை.

எதிரே ஹாஜியா ஜெய்துனா வந்தார். போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது இவன் தலையைத் தடவி துஆ சொன்ன மனுஷி. இவன் ஸலாம் சொன்னான். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்குள் நுழைந்தால் பெரியம்மா போனும் கையுமாக நின்றாள். டொராண்டோவிலிருந்து ஏழு வாழ்த்து, ஜித்தாவிலிருந்து இரண்டு அழைப்பு, துபாயிலிருந்து ஒரு சண்டை. மாப்பிள்ளை யார், எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று.

"ஏண்டா, நான் உனக்கு என்ன பாவம் பண்ணினேன்?"

அவன் அதே கேள்வியைத்தான் கேட்க வாயெடுத்தான். பெரியம்மா அவன் காதைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப்போய் நிலைக்கு மேலே காட்டினாள். உத்தரத்தில் இரண்டு கம்பளமும் சுருட்டினது சுருட்டினபடி இருந்தன.

"இது எதுக்கு இங்க இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"இடம் அடைக்காம இருக்கட்டும்னு."

பெரியம்மா சிரிக்கவா அழவா என்று தெரியாமல் தலையில் கை வைத்து மேடையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே சொன்னாள். நிலைக்கு மேலே கம்பளம் இருந்தால், இந்த வீட்டில் கொடுப்பதற்கு ஒரு பெண் இருக்கிறாள் என்று அர்த்தம். வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். எடுத்துவிட்டால் பேசி முடிந்துவிட்டது, இனி யாரும் கேட்டு வர வேண்டாம் என்று அர்த்தம். ஹாஜியா ஜெய்துனா போன வெள்ளிக்கிழமை வந்தது தன் மகன் அப்துல்மஜீதுக்கு நெபிலாவைக் கேட்க. பதில் சொல்ல பெரியம்மா பத்து நாள் தவணை வாங்கியிருந்தாள். அந்தப் பத்து நாளுக்குள் கம்பளம் இல்லாத வீட்டை உலகத்துக்கே காட்டியாகிவிட்டது.

நிஜக் கம்பளம் இங்கேதானே இருக்கிறது, வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றான் ரெத்வான். வந்து பார்த்துவிட்டுப் போயாகிவிட்டது என்றாள் பெரியம்மா. கண்ணேறு பட்டுவிடும் என்று, பேசி முடித்ததை மறைக்கக் கம்பளத்தை இறக்காமல் வைத்திருக்கிறாள், சின்னப்பையன் உளறிவிட்டான் என்று இப்போது ஊர் பேசுகிறதாம். நிஜத்தில் இருப்பதை யாரும் நம்பவில்லை, கம்ப்யூட்டரில் இல்லாததை எல்லோரும் நம்பினார்கள். ரெத்வானுக்குத் தலை சுற்றியது. நாலு வருஷம் சுவர், கூரை, தூண் என்று படித்தானே தவிர, ஒரு வீடு இப்படி வாய் திறந்து பேசும் என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை.

பெரியம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். வருகிற வியாழக்கிழமை தேர்வுக்குழு முன் நடக்கும் காட்சிக்கு ஹாஜியாவை அவளே கூட்டிக்கொண்டு வருவாள். ஊர்ப் பெண்களும் வருவார்கள். அங்கே நிலைக்கு மேலே கம்பளம் இருக்க வேண்டும், அதை எல்லோரும் கண்ணால் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லையென்றால் டயர் கடை.

இதில் என்ன குழப்பம், வைத்துவிட வேண்டியதுதானே என்றுதான் அவனும் நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் முற்றத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, உத்தரத்துக்குத் தோல் போட்டுக்கொண்டிருந்தபோது நெபிலா வந்தாள். காபித் தோல் கொதிக்க வைத்த பானத்தில் பால் விட்டு இரண்டு கோப்பை கொண்டுவந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"நாலு நாளா யாரும் வரலை, கவனிச்சியா?"

அவன் கவனிக்கவில்லை.

"மூணு வருஷமா வாரத்துல ரெண்டு மூணு பேர் வராங்க. நான் வேலை விட்டு வந்ததும் முகம் கழுவி, உடுத்தி, தட்டு ஏந்திட்டு நிக்கணும். இந்த நாலு நாள்தான் செருப்பைக் கழட்டிட்டு அப்படியே உட்கார்ந்தேன்." கொஞ்சம் குடித்துவிட்டுச் சொன்னாள், "அதைத் திரும்ப வைக்காதே ரெத்வான்."

அப்துல்மஜீத் கெட்டவன் இல்லை என்பதையும் அவளே சொன்னாள். ஜிஜிகாவில் லாரி ஓடுகிறது, தொழுகை தவறுவதில்லை, குரல் உயர்த்துவதில்லை. ஒரே ஒரு நிபந்தனை, கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போக வேண்டாம் என்பது. அம்மாவிடம் சொல்வதுதானே என்றான் இவன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். கையெழுத்து விஷயத்தை அவன் மென்று விழுங்கிச் சொன்னதும் முகம் மாறியது.

"அப்ப வச்சுடு. உன் படிப்பு போச்சுன்னா அதுவும் என் தலையிலதான் விடியும்."

அதைச் சொல்லிவிட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை போலிருந்தது அவனுக்கு. கம்பளத்தை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். வைத்தால் பெரியம்மாவுக்கு நல்லவன், எடுத்தால் அக்காவுக்கு நல்லவன். தனக்கு எது நல்லது என்று பார்த்தால் வைப்பதுதான், அது நன்றாகவே தெரிந்தது, அதனாலேயே வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை டீச்சர் வேறு ஒரு குண்டைப் போட்டார். நடந்து பார்ப்பது மட்டும் போதாதாம். வருகிறவர் ஒரு கிண்ணத்தையாவது கையில் எடுத்துப் பார்க்க முடிய வேண்டும், இல்லையென்றால் அது வீடு இல்லை, பயாஸ்கோப் என்றார். நூற்று முப்பத்தேழு சாமானுக்கும் தனித்தனியாக எழுத எங்கே நேரம்? ஒரே ஒரு கட்டளையை எழுதினான். கையில் பிடித்த கருவியின் பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு கை நீண்டு சாமான் கைக்கு வரும், விட்டால் தரையில் இறங்கும். அதை மொத்தமாக எல்லாவற்றின் மேலும் போட்டான். புதன்கிழமை யாராவது நடந்து சோதிக்க வேண்டியிருந்தபோது நெபிலாவைத்தான் கூப்பிட்டான். அவள் கிண்ணம் எடுத்தாள், கூடை எடுத்தாள், தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக் கீழே வைத்தாள். அரைமணி நேரத்தில் அவனைவிட லாகவமாக ஓட்டினாள். நிலைக்கு மேலே கம்பளம் ஆடாமல் அசையாமல் இருந்தது. அதை அவள் பார்த்தாள். பெரியம்மாவும் வந்து பார்த்துவிட்டுப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் காட்சி, கோட்டைச் சுவருக்குள்ளேயே ஒரு பழைய கூடத்தில். தேர்வுக்குழுவில் மூன்று பேர், நடுவில் ஹிருத் டீச்சர். பெஞ்சுகளில் ஊர்ப் பெண்கள் இருபது பேர். ரஹ்மா மாமி முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள். ஹாஜியா ஜெய்துனாவைப் பெரியம்மா கைப்பிடித்துக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். சுவரில் பெரிய திரை.

முதலில் பெரியம்மாவே ஓட்டினாள். சுவரில் இரண்டு தடவை முட்டிக்கொண்டு, சிவப்பு மேடையில் ஏறி, தன் சமையலறையைப் பார்த்து மாஷா அல்லாஹ் சொல்லி, பிறகு நேராக வாசலுக்கு வந்து திரும்பி நின்று தலையை உயர்த்தினாள். இரண்டு கம்பளமும் திரை நிறையத் தெரிந்தன. ஹாஜியாவின் பக்கம் திரும்பி, பையன் அவசரத்தில் விட்டுவிட்டான், வேறொன்றுமில்லை என்றாள். ஹாஜியா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகம் இளகியது. பெண்கள் கசமுசவென்று பேசிக்கொண்டார்கள். டீச்சர் தாளில் ஏதோ குறித்தார். ரெத்வானுக்கு அப்பாடா என்று இருந்தது. பின்வரிசையில் நெபிலா உட்கார்ந்திருந்த பக்கம் மட்டும் அவன் திரும்பவில்லை.

ஹாஜியா தன் பெருந்தன்மையைக் காட்டுகிற மாதிரி, நம்ம பெண்ணும் ஓட்டிக் காட்டட்டுமே என்றார். நெபிலா எழுந்து வந்து கருவியை வாங்கினாள்.

அவள் மேடைகளுக்குப் போகவில்லை. கிண்ணங்களைத் தொடவில்லை. திரையில் வாசலுக்கு வெளியே போய், முறையாகத் திரும்பி உள்ளே வந்து, நின்று, மேலே பார்த்தாள். கை நீண்டது. முதல் கம்பளம் கைக்கு வந்தது. அதை மெதுவாகத் தரையில் இறக்கினாள். மறுபடி கை நீண்டது. இரண்டாவதையும் இறக்கி முதலாவதன் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். உத்தரம் வெறுமையாக இருந்தது.

"டேய், அதைத் தூக்கி மேல வை," என்றாள் பெரியம்மா.

ரெத்வான் ஓடிப்போய்க் கருவியை வாங்கினான். கம்பளத்தை எடுத்தான், உத்தரத்தருகே கொண்டுபோனான், விட்டான். அது தரைக்கு இறங்கியது. மறுபடியும் எடுத்தான். மறுபடியும் தரை. விட்டால் தரையில் இறங்கும் என்றுதானே எழுதியிருந்தான். எடுத்த இடத்தில் திரும்ப வைப்பதற்கு எழுதவில்லை. நேரமில்லாமல் விட்டானா, மறந்தானா, வேண்டுமென்றே அந்தப் பக்கம் யோசிக்காமல் இருந்தானா என்று அவனுக்கே சத்தியமாகத் தெரியவில்லை.

"வைக்கிறதுக்கு எழுதலை பெரியம்மா."

பெரியம்மா சட்டென்று ஹாஜியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மெஷின் கோளாறு, போன தடவையும் இதேதான் ஆச்சு, பையனுக்கு இன்னும் சரியா வரலை என்று படபடவென்று சொன்னாள். ஹாஜியா நெபிலாவைப் பார்த்தார். நெபிலா தரையைப் பார்த்தாள். ஹிருத் டீச்சர் பேனாவை எடுத்தார். அவருக்கு இந்தக் கம்பளக் கதையெல்லாம் தெரியாது, அவர் வடக்கே மேக்கேலே ஊர்க்காரர். சாமானைத் திரும்ப வைக்க முடியவில்லை, அவ்வளவுதான் அவருக்கு.

"ரெத்வான், இது பிழையா, இப்படித்தான் இருக்கணும்னு செஞ்சதா? குறிச்சுக்கணும், சொல்லு."

பிழை என்று சொன்னால் பெரியம்மா சொன்னது நிஜமாகிவிடும். கம்பளம் தானாக விழுந்தது, பெண் ஒன்றும் செய்யவில்லை, அடுத்த வெள்ளிக்கிழமை தட்டு ஏந்தலாம். மதிப்பெண்ணும் குறையும். செய்ததுதான் என்றால் பெரியம்மா வீட்டில் இனி அவனுக்குச் சோறு உண்டா என்பதே சந்தேகம். எது சரி என்று கடைசி வரைக்கும் அவனுக்கு விளங்கவில்லை. அவன் நெபிலாவைப் பார்த்தான். அவள் கை முந்தானை நுனியை முறுக்கி முறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தது. தினம் ஐம்பது பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற கை அது.

"பிழை இல்லை டீச்சர்," என்றான். "எடுத்தா எடுத்ததுதான்."

டீச்சர் குறித்துக்கொண்டார். பெரியம்மா இவனை விட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். குரல் உடைந்திருந்தது.

"ஊர் முன்னாடியா? என்கிட்டச் சொல்லியிருக்கலாமேடி."

"ஏழு தடவை சொன்னேம்மா."

பெரியம்மா இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள், திறந்தபடியே இருந்தாள். எண்ணிப் பார்க்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அடுப்பங்கரையில் ஒன்று, பெருநாளன்று ஒன்று, ஹாஜியா வந்த வெள்ளிக்கிழமை தட்டை எடுப்பதற்கு முன் ஒன்று. எல்லாவற்றுக்கும் அவள் சரி சரி, முகத்தைக் கழுவு என்றுதான் பதில் சொல்லியிருந்தாள். ரெத்வான் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றான்.

ஹாஜியாவின் கையைப் பெரியம்மா இன்னும் விடவில்லை. பிறகு விட்டாள்.

"ஹாஜியா, மன்னிச்சுக்கங்க. என் பொண்ணுக்கு இஷ்டமில்லை."